சந்தனம் அடைத்த துளை

நேற்று ஆயுத பூஜை. காலையில் மடிக்கணினியை எடுத்தால் மூடியின் நடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். மனைவியின் கைவரிசை. மூடியோடு நிறுத்திக்கொண்டாளா என்று ஓரத்துத் துளைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சந்தன வாசனைக்கு உங்களுக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஈக்காட்டுத்தாங்கலில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கம்பெனி. விஜயதசமி விடுமுறையில் கே.கே. நகர் அறையில் படுத்துக்கிடந்தேன். மயிலாப்பூரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்திவந்த ராஜி மேடம் போன் செய்தார்.

"மெஷின் ஓடறது, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரமாட்டேங்கறது. உடனே வாப்பா."

ரத்த அணுக்களை எண்ணும் கருவி அது. அதற்கென்று தனித் திரை கிடையாது, எண்ணியதைக் கம்பி வழியாகக் கணினிக்குத்தான் சொல்லும். நான் போனபோது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். ஊரூர் குப்பத்து மீனவர். மகளுக்கு டெங்கு. பண்டிகைக்கு மற்ற லேபெல்லாம் மூடியிருக்க, ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தக் குப்பியோடு மயிலாப்பூர்வரை வந்திருந்தார்.

"கொயந்தைக்கு மூக்குல ரத்தம் வந்துகினே கீது சார். பிளேட்லெட் எவ்ளோன்னு தெரிஞ்சாத்தான் ரத்தம் ஏத்தறதான்னு சொல்வேன்றாரு டாக்டரு."

"நேத்து என்ன மேடம் பண்ணீங்க?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலையே! ஒயரெல்லாம் கழட்டித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் இட்டேன். அவ்ளோதான்."

குனிந்து பார்த்தேன். கணினியின் முதுகில் எல்லாத் துளைக்கும் பக்தியோடு பொட்டு. கருவியின் கம்பி எப்போதும் செருகும் துளையில் சந்தனம் இறுகியிருந்தது. உள்ளே போகாததால் பக்கத்துத் துளையில் செருகியிருக்கிறார். அந்தக் காலத்துக் கணினி குழம்ப அது போதும். பழைய கருவியைப் புதிதாக வந்த ஆள் என்று நினைத்து வேறு இணைப்பு எண் கொடுத்துவிட்டது. பரிசோதனை மென்பொருளோ, வீடு மாறியவரைப் பழைய விலாசத்தில் தேடுவதுபோல், பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மென்பொருளில் எண்ணை மாற்றக் கடவுச்சொல் வேண்டும். அதை வைத்திருந்த, கருவி விற்ற கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை.

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன். கருவிகளின் பட்டியலை வரவழைத்தால் ஒரே பெயரில் இரண்டு. ஒன்று உயிரோடு இருப்பது, மற்றது பழைய துளையின் நினைவு. அந்தப் பழையதை நீக்கினால்தான் எண் விடுபடும். தவறிப்போய் மற்றதை நீக்கி, கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளும் கூடவே போய்விட்டால் அதன் சிடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மீனவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"பொழச்சிக்குமா நைனா?"

மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கணினிக்காரனிடம் கேட்கிறார். ராஜி மேடத்திடம் கருவியின் கம்பியை உருவச் சொன்னேன். இணைந்திருப்பவற்றை மட்டும் மறுபடி பட்டியலிட்டேன். காணாமல்போனதுதான் உயிருள்ளது என்று தெரிந்தது. மற்றதன் நீண்ட அடையாளக் குறியை எழுத்தெழுத்தாக அடித்து, நீக்கு என்று கட்டளையிட்டேன். கம்பியைச் செருகவைத்து, விடுபட்ட எண்ணைப் புதியதற்குக் கொடுத்தேன். ராஜி மேடம் ரத்தத்தை மறுபடி ஓட்டினார். திரை வெறுமையாகவே கிடந்தது. பிறகு எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

ராஜி மேடத்தின் முகம் வெளுத்தது. "ரொம்பக் கம்மி. உடனே ஏத்தச் சொல்லுங்கோ, ஓடுங்கோ!" மீனவர் தாளைப் பிடுங்கிக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

அதற்குப் பின் போன் அடித்தாலே எனக்குத் திக்கென்றது. அடுத்த வாரம் ராஜி மேடம் கூப்பிட்டார். "பிளேட்லெட் நன்னா ஏறியிருக்குடா! ரத்தம் எடுக்கக் குழந்தை சிரிச்சுண்டே கையை நீட்டறா!" பேருந்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அந்த லேப் இப்போது ரத்தம் சேகரிக்கும் வெறும் கவுண்டர். கருவி வேறெங்கோ போய்விட்டது. நானும் வீட்டிலிருந்தே எங்கெங்கோ இருக்கும் கணினிகளுக்குள் நுழைந்து வேலை பார்க்கிறேன். இன்று காலைகூட, ஏதோ ஓர் ஊரில் பதில் சொல்லாமலிருந்த இதேபோன்ற கருவியைச் சரிசெய்தேன். 'இயங்குகிறது' என்று வந்தது, இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அங்கே நின்றவர் யார், எந்தக் குழந்தைக்காக நின்றார், அது பிழைத்ததா என்று கேட்க எனக்கு ஆளில்லை.