கீழ்வீட்டுக்காரிக்கு நான் வரவழைத்த காய்ச்சல்

துபாயில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் இரண்டுதான். இரண்டாவது மாடியில் நானும் என் கணவரும். எங்களுக்கு நேர் கீழே, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சர்வேயரும் அவர் மனைவியும் நாலு வயது மகளும். எழுபதுகளின் பின்பாதி. ஜெபல் அலியில் துறைமுகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவரின் கணவர்களும் அந்த வேலையை எடுத்திருந்த ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில்தான் இருந்தார்கள். விடியும் முன்பே வண்டி வந்து இருவரையும் அழைத்துப் போய்விடும். அதன் பிறகு பகல் முழுக்க எனக்கு அவள் துணை, அவளுக்கு நான்.

அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். நான் கோயம்புத்தூரில் பி.ஏ. முடித்து, சுருக்கெழுத்தில் ஹையர் பாஸ் பண்ணி, ஒரு மில் ஆபீஸில் நாலு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவள். இதை அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவளுடைய இங்கிலீஷ் ஒரு கூத்து. கம்பெனி விருந்து ஒன்றில் எங்கள் வெள்ளைக்கார மானேஜரின் டை குழம்புத் தட்டில் தோய்வதைப் பார்த்துவிட்டு, "சார், யுவர் டை ஆல்ஸோ ஈட்டிங்" என்றாள். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அதே விருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் மானேஜர் என் கணவரைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். பிரிட்டிஷ் பார்லிமென்டிலிருந்து நாலு பேர், அமெரிக்கக் காங்கிரஸிலிருந்து நாலு பேர், துபாய்க்கு வருகிறார்கள். இவர்களுக்குள் பல வருஷமாக ஒரு வழக்கம். ஒரு வருஷம் ஆங்கிலேயர்கள் அமெரிக்காவுக்குப் போவார்கள், மறு வருஷம் அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு வருவார்கள். ஓட்டலில் தங்குவதில்லை, ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவார்கள். அந்த வீட்டார் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அந்த ஊர்க் கூட்டத்துக்குப் போய், ஓட்டுப் போட்ட ஜனங்களோடு பேசிவிட்டு வருவார்கள். நாளைக்கு இரண்டு நாட்டுக்கும் ஏதாவது தகராறு வந்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவனின் முகமும் வீடும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. இந்த முறை இரண்டு தரப்பும் சேர்ந்து வளைகுடாவைப் பார்க்கப் புறப்பட்டிருந்தார்கள். இரண்டு நாள் ஓட்டலில் பேச்சு, மூன்றாம் நாள் துறைமுகம்.

மானேஜரின் செகரட்டரி லீவில் போயிருந்ததால் பேச்சுகளைக் குறிப்பெடுக்க ஒரு ஸ்டெனோ வேண்டும். வருகிறவர்களில் இரண்டு பேர் பெண்கள், ஓர் ஆங்கிலேய அம்மாள், ஓர் அமெரிக்க அம்மாள். ஓய்ந்த நேரத்தில் அவர்களோடு கடைத்தெருவுக்கும் படகுத்துறைக்கும் போய்வர ஒரு பெண் துணை வேண்டும். என் கணவர் இரண்டு வேலைக்கும் என்னையே சொல்லியிருக்கிறார். மானேஜர், "குறிப்பெடுக்க உங்கள் மனைவி. துணைக்கு அந்த டை பார்த்த பெண்" என்று முடித்துவிட்டார்.

"அவளுக்கு இங்கிலீஷே தெரியாதுங்களே" என்றேன் கணவரிடம்.

"அவங்களுக்குப் புரிஞ்சாப் போதும்னு நினைக்கிறாங்களாட்ட இருக்குது" என்றார் அவர்.

முதல் நாள் அந்த ஹாலின் மூலையில் ஒரு சின்ன மேஜை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள் என்றா சொன்னேன், சண்டை போட்டார்கள். எண்ணெய் விலை, பிரிட்டிஷ் படை இந்தக் கரையை விட்டுப் போனது, இனி அமெரிக்கக் கப்பல்கள் வரலாமா கூடாதா. ஆங்கிலேய அம்மாள் அமெரிக்க அம்மாளைப் பார்த்து, "நீங்கள் எங்களிடம் யோசனை கேட்பது முடிவெடுத்த பிறகுதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அமெரிக்க அம்மாள், "யோசனை சொல்ல நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அப்படி" என்று திருப்பிக் கொடுத்தார். என் பென்சில் ஓடியது. இனி இவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

டீ வந்தது. அமெரிக்க அம்மாள் கேட்காமலேயே ஒரு கோப்பையில் பாலை ஊற்றி, சர்க்கரையை அரை ஸ்பூன் போட்டுக் கலக்கி, ஆங்கிலேய அம்மாளிடம் நீட்டினார். அவரும் வாங்கிக் குடித்துக்கொண்டே தன் மகளின் கல்யாணப் பேச்சை எடுத்தார். எனக்கு அரை ஸ்பூனா ஒரு ஸ்பூனா என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக்காரி உள்ளே வந்தாள். வெங்காயத் தோல் நிறத்தில் புடவை, தலையில் எங்கிருந்தோ பிடித்த கனகாம்பரம். "மேடம், கம் கம், போட் வெயிட்டிங், சன் கோயிங்" என்றாள். இரண்டு அம்மாள்களும் சிரித்துக்கொண்டு எழுந்து, ஆளுக்கொரு பக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு இருந்தேன். இரண்டு நாளில் என்னிடம் அவர்கள் பேசியது ஒரே ஒரு வாக்கியம், ஜன்னலைச் சாத்தச் சொல்லி.

சாயங்காலம் அவள் மூச்சுவிடாமல் கதை சொன்னாள். "அந்த இங்கிலாந்துக்காரம்மா வீட்டுல அமெரிக்காக்காரம்மா பதினஞ்சு நாளு இருந்திருக்காங்கக்கா! மாடிப்படியில எந்தப் படி கிறீச்சுங்கும்னு வரைக்கும் தெரியுமாம். நம்ம வீட்டுக்கும் ஒரு நாளு வரணும்னாங்க." நான் "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாம் நாள் மாலை மானேஜர் என்னிடம், மூன்றாம் நாள் துறைமுகப் பயணம் எட்டு மணிக்கு அல்ல, ஆறரைக்கே கிளம்புகிறது, நீங்கள் இருவரும் அந்த அம்மாள்களின் வண்டியில் வர வேண்டும் என்றார். கீழ்வீட்டில் போன் இல்லை. "ஒரே கட்டடம்தானே, நீங்கள் சொல்லிவிடுங்கள்" என்றார். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து படியேறினேன். அவள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நின்றேன். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. சொல்லாமல் மேலே ஏறிப் போனேன். மறக்கவில்லை. சமைக்கும்போது, சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஞாபகம் இருந்தது. கணவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் தயாராகிக் கீழே இறங்கினேன். வண்டியில் இரண்டு அம்மாள்களும் பின்சீட்டில் இருந்தார்கள். பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "தூஸ்ரி மேம்சாப்?" என்றார். இன்னொரு அம்மா எங்கே என்கிறார். அந்தக் கணம் வரை எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: "புகார் ஹை." காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அம்மாள்களிடம் இங்கிலீஷிலும் சொன்னேன், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல்.

நான் ஆசைப்பட்ட இடத்தில், அந்த வண்டியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரப் பாதை. இரு பக்கமும் மணல், நடுவில் ஒட்டகக் கூட்டம். வழியெல்லாம் அவர்கள் பேசியது அவளைப் பற்றித்தான். எத்தனை டிகிரி? டாக்டர் பார்த்தாரா? குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? துறைமுகத்தில் இயந்திரங்கள் கடல்தரையைத் தோண்டி உமிழ்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் தலையில் ஹெல்மெட்டோடு நின்றபோதும் அமெரிக்க அம்மாள், "அவள் இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாள்!" என்றார். மற்றவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

திரும்பும்போது ஆங்கிலேய அம்மாள் டிரைவரிடம், "ஓட்டலுக்கு அப்புறம் போகலாம். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவோம்" என்றார்.

தூங்கிக்கொண்டிருப்பாள் என்றேன். தொற்றிக்கொள்ளும் என்றேன். "நான் நாலு பிள்ளை பெற்றவள்" என்றார் அமெரிக்க அம்மாள். வழியில் நிறுத்தி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டார்கள்.

கட்டடத்து வாசலில் பெரிய கார் நின்றதும் எல்லா ஜன்னலும் திறந்தன. முதல் மாடிவரை நான்தான் முன்னால் ஏறினேன். கதவைத் தட்டியதும் நான்தான். அவள் திறந்தாள். பச்சைப் பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, அழுது வீங்கிய கண். எட்டு மணி வண்டிக்காக உடுத்தியதை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

"எழுந்து நடமாடுகிறாயே! காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று அமெரிக்க அம்மாள் அவள் நெற்றியில் கையை வைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஃபீவர் கோயிங் மேடம். யூ கமிங், ஃபீவர் கோயிங்" என்று சிரித்தாள்.

அவர்கள் ஒரு மணி நேரம் அங்கே இருந்தார்கள். அவள் கேசரி கிளறினாள். ஆங்கிலேய அம்மாள் தரையில் உட்கார்ந்து குழந்தைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நான் நாற்காலி நுனியில் இருந்தேன். குற்றத்தில் குறுகிப்போயிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அப்போதும் எனக்குள் இருந்தது பொறாமைதான். இரண்டு நாட்டுச் சட்டம் இயற்றுகிறவர்கள் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டதே நான் சொன்ன பொய்தான்.

கார் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.

"ஏழரையிலேர்ந்து வாசல்ல நின்னேன்க்கா. அப்புறம் மலையாளி கடையிலேர்ந்து ஆபீஸுக்குப் போன் பண்ணுனா, வண்டி ஆறரைக்கே போயிருச்சுங்குறாங்க. மேல் வீட்டம்மாகிட்ட சொல்லி விட்டோமேங்குறாங்க."

"மறந்துட்டேன்" என்றேன்.

"மறந்தவுக எதுக்குக்கா எனக்குக் காய்ச்சல்னு சொன்னீக?"

நான் கேசரித் தட்டுகளை அடுக்கப் போனேன்.

"அவங்க முன்னாடி உங்களைக் காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரல. அதுக்காக மனசு ஆறிருச்சுன்னு நினைச்சுக்கிறாதீங்க. போங்க."

இரண்டு மாதத்துக்கு மேல் பேச்சு இல்லை. பகல்கள் அவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் குழந்தை மாடிப்படியில் என்னைப் பார்த்தால் உள்ளே ஓடிவிடும்.

ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. அவள் கையில் அமெரிக்க ஸ்டாம்பு ஒட்டிய கடிதம்.

"இதைப் படிச்சுச் சொல்லுங்க. பதிலும் நீங்கதான் எழுதணும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராது" என்றாள். குரலில் குழைவு எதுவும் இல்லை.

படித்தேன். இந்த வருஷம் ஆங்கிலேயத் தோழி தன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள், இருவரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறோம், காய்ச்சல் அப்புறம் திரும்பவில்லையே என்று கேட்டிருந்தார் அமெரிக்க அம்மாள்.

நோட்டை எடுத்தேன். அவள் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். நலம். குழந்தை நலம். அப்புறம் அவள் சொன்னாள்: "அன்னைக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல."

நான் நிமிர்ந்தேன்.

"எழுதுங்கக்கா. வண்டி நேரம் மாறுனதை மேல் வீட்டு அக்கா எனக்குச் சொல்லல. ஏன் சொல்லலைன்னு அவங்களே எழுதுவாங்க."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மில்லில் நான் நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எடுத்தவள். அன்று ஒரு வரி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. 'அவள் இடத்தில் நான் உட்கார ஆசைப்பட்டேன், அதனால் சொல்லவில்லை' என்று எழுதினேன். தமிழில் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றாள். இன்னொரு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டாள். ஒட்டி எடுத்துக்கொண்டு போகும்போது, "காபித்தூள் தீந்துபோச்சு, இருந்தாக் குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

பதில் அவளுக்குத்தான் வந்தது, மூன்று பக்கம். என்னைப் பற்றி அதில் ஒரு வரி: உண்மையை எழுதியதற்கு உன் அண்டைவீட்டாருக்கு நன்றி சொல். அந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை படித்தேன். மீதியெல்லாம் அவளுக்கு என்பது அப்போதும் குத்தியது.

பேசத் தொடங்கினோம். பழையபடி அல்ல. நான் எதையாவது அளந்தால், "அக்கா, நிசத்தைச் சொல்லுங்க" என்று அவள் நிறுத்துவாள். நானும் நிறுத்துவேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர்கள் கத்தாரின் தோஹாவுக்கு மாற்றலாகி, அங்கே நஜ்மா என்ற பகுதியில் குடியேறினார்கள். அங்கிருந்து ஒரு லீவில், ஆங்கிலேய அம்மாளின் அழைப்பில் லண்டனுக்குப் போனார்கள். அந்த வாரம் அமெரிக்க அம்மாளும் வழக்கமான விருந்தாளியாக அங்கே இருந்திருக்கிறார். மூவரும் பார்லிமென்டில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். பட அட்டையில், குச்சி குச்சியான தமிழ் எழுத்தில், எனக்கு அதையெல்லாம் எழுதியிருந்தாள்.

மூன்று நாள் அந்த அட்டையை என் கணவரிடம் நான் காட்டவில்லை. நாலாம் நாள் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்குதே அந்தப் புள்ள" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்று மத்தியானமே உட்கார்ந்து, அங்கே என்னென்ன பேசினீர்கள், எத்தனை பேர் இருந்தார்கள், என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று அவளுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். கடைசிக் கேள்வியை அடித்துவிட நினைத்தேன். அடிக்காமல் தபாலில் போட்டேன்.