சிவக்காத தெரு

"எப்பம்மா கரண்ட் வரும்?"

"ஆளுங்க கிளம்பிட்டாங்க சார். மரம் விழுந்திருக்கு, வெட்டி எடுக்கணும்."

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நேத்தும் மரம் விழுந்துச்சு சார்."

கோடை பிறந்ததிலிருந்து கரண்ட் அக்காவின் வாய் இதைத் தவிர வேறெதுவும் உருப்படியாகப் பேசவில்லை. மின்தடைப் புகார் மையத்தில் அவளுக்கு மதியத்திலிருந்து வேலை. பகலெல்லாம் வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலமானால் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். பிறகு காற்று, இடி, அண்டா அண்டாவாகக் கவிழ்க்கிற மழை. மேலே வானம் ஒருமுறை உறுமினால் கீழே ஹெட்செட்டில் ஊரே உறுமும். அறைக்கு ஜன்னல் கிடையாது. அத்தனை மழையில் ஒரு துளியைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. அழைப்பவர்களின் குரலுக்குப் பின்னால் தகரம் சடசடப்பதைக் கேட்டதோடு சரி.

எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் ஊரின் வரைபடம். ஒரு தெருவிலிருந்து புகார் பதிவானால் அந்தத் தெரு சிவப்பாகும். மழை எங்கே அடித்தது, எங்கே தப்பித்தது என்று அந்தச் சிவப்பை வைத்தே அங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். கோடை மழைதானே, மாட்டின் ஒரு கொம்பை நனைத்து மறு கொம்பை விட்டுவிட்டுப் போகும். இந்தக் கோடையில் அப்படி விடுபட்ட கொம்பு அவள் குடியிருந்த தெரு. அக்கம்பக்கமெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கும்போதும் அது மட்டும் சிவக்கவே இல்லை.

"வானத்துக்கும் எங்க தெருவுக்கும் ஏதோ வரப்புத் தகராறு போல," என்றாள் ஒருநாள்.

பக்கத்து நாற்காலி நெட்டைப் பெண் சிரித்தாள். "நீங்க குடியிருக்கீங்கன்னு கரண்டே பயந்து நிக்குதுக்கா."

மழை இல்லையென்றால் புல்லுக்கு யார் தண்ணீர் விடுவது? அவள்தான்.

வீட்டு முன்னால் ரெண்டு கட்டில் போடும் அளவுக்குப் புல்தரை. வேலைக்குக் கிளம்புமுன் அதில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நிற்பாள். ஒரு நாளில் அவளிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம் அது ஒன்றுதான். இந்தக் கோடையில் அந்தப் புல் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. அவளுடைய அண்ணன் கொத்தனார். எங்கே மண்ணைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும்.

"தங்கச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை கலவை மிஷின் சும்மாதான் நிக்குது. அதுக்குள்ள இந்தப் புல்லு பச்சையாகலைன்னா மொத்தத்தையும் சிமெண்ட் போட்டுடறேன். மாப்ள வண்டியாவது ஒழுங்கா நிக்கும்."

அவளுக்கும் மறுக்கத் தெம்பில்லை. சரியென்று சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து குழாயை இன்னும் அதிக நேரம் திறந்து விட்டாள்.

கணவன் பேக்கரி வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன்னே ரொட்டி ஏற்றக் கிளம்பிவிடுவான். அவன் திரும்பும்போது அவள் வேலைக்குப் போயிருப்பாள். நள்ளிரவு தாண்டி, அலுவலக வேனில் தூங்கி வழிந்தபடி அவள் திரும்பும்போது அவன் குறட்டையில் இருப்பான். காலையில் எழுந்து பார்த்தால் புல்லில் லேசாக ஈரம் இருக்கும். அவர் சாயங்காலம் ஒப்புக்கு நனைத்திருக்கிறார், இலை நனைந்தால் போதுமா, வேர் நனைய வேண்டாமா என்று முணுமுணுத்தபடி அவள் மறுபடி ஊற்றுவாள். அவனைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஓய்வு நாளில் இருவருக்கும் பேச்சைவிடத் தூக்கம்தான் பெரிதாக இருந்தது. போதாததற்கு அவளே போட்ட சட்டம் ஒன்று வீட்டில் உண்டு: வாசப்படி தாண்டினால் கரண்ட், இடி, மழை எந்தப் பேச்சும் கூடாது.

வியாழக்கிழமை அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "வணக்கம்" என்றால் காற்றுதான் வந்தது. மேற்பார்வையாளர், "நீங்க பேசறது உங்களுக்கே கேக்கல, வீட்டுக்குப் போங்க," என்று அனுப்பிவிட்டார். வந்து பின்னறையில் சுருண்டாள்.

இடிச் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. அறை இருட்டு. மின்விசிறி நின்றிருந்தது. கூரைமேல் யாரோ ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி மழை. தகரம் சடசடப்பதை வாடிக்கையாகக் கேட்கும் காது, இது யாருடைய வீடு என்று ஒரு கணம் குழம்பியது. கேட் ஆடும் சத்தம் கேட்டது.

"தம்பி, கரண்ட் போயிடுச்சு. கரண்ட் அக்காகிட்ட சொல்லிடுங்க." எதிர்வீட்டுத் தையல்கார அம்மாவின் குரல்.

"சொல்லிடறேம்மா."

"முந்தாநாளும் இதைத்தான் சொன்னீங்க. பாதிச் சட்டையில மிஷின் நின்னுபோச்சு."

"முந்தாநாள் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன? போங்க, நனையாதீங்க."

கணவன் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தபோது அவள் நிலைப்படியில் நின்றாள்.

"எத்தனை நாளா இது?" குரல் வரவில்லை. உதடுதான் அசைந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அட, எழுந்துட்டியா. கோடை ஆரம்பிச்சதிலேர்ந்தே இதான் கூத்து. கரண்ட் ஆபீஸ்காரி இங்கயே இருக்கா, எதுக்கு போன் பண்ணிக்கிட்டுன்னு தெருவே நம்ம வாசல்ல வந்து நிக்குது."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதான வீட்டுல அந்தப் பேச்சே கூடாதுன்ன? எப்படியும் கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது."

தானாக வருகிறதாம்! பக்கத்துத் தெருக்காரன் தொண்டை கிழியக் கத்திப் புகார் கொடுத்து, அவனுக்குச் சரிசெய்யும்போது ஒட்டிக்கொண்டு இதுவும் வருகிறது. அதை விளக்க அவளிடம் குரல் இல்லை. விளக்கத் தோன்றவும் இல்லை. வேறொன்று அவளுக்கு உறைத்துவிட்டது.

"மழை தெனமும் இப்படியா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்னு வெச்சுக்கோயேன்."

"அப்ப நீங்க புல்லுக்குத் தண்ணி ஊத்தலையா?"

"இந்த மழையில எவனாவது புல்லுக்குத் தண்ணி ஊத்துவானா?"

"நான் ஊத்தினேன்," என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டால் வாயை மூடிக்கொண்டான். இருவரும் கதவைத் திறந்து பார்த்தார்கள். புல்தரை குட்டையாகி, தண்ணீருக்கு மேல் மஞ்சள் நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். மண்வெட்டியால் கேட் பக்கம் ஒரு கொத்து கொத்திப் புரட்டினான். கறுப்பாக, கொழகொழவென்று, மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம்.

"வேரெல்லாம் அழுகிப்போச்சு தங்கச்சி. இது தாகத்துல சாகல. நீ ஊட்டி ஊட்டியே சாகடிச்சிருக்க."

"மச்சான், கொஞ்சம் மெதுவா," என்றான் கணவன்.

"நீங்க பேசாதீங்க மாப்ள. பேச வேண்டிய நேரத்துல வாய்ல ரொட்டிய வெச்சுக்கிட்டு இருந்தவரு."

அவள் சுவரோரம் போய்க் குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தாள். வரவில்லை. அங்கே தரை கொஞ்சம் மேடு. மஞ்சள்தான், ஆனால் பிடி விடவில்லை.

"கேட் பக்கம் போட்டுக்கோண்ணா," என்றாள் கட்டைக் குரலில். "சுவரோரம் கைய வைக்காத."

"பாதி சிமெண்ட்டு பாதி புல்லா? அரைத்தலைக்கு மொட்டை அடிச்ச மாதிரி இருக்கும். சரி, அது பொழைக்கும்னு என்ன நிச்சயம்?"

"ஒரு நிச்சயமும் இல்ல. பொழைக்கலைன்னா மண்ணுல நிக்கறேன்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை அவசரமாகச் சுவரோரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே குறுக்காகக் கயிறு பிடித்து, இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு என்று காட்டினான். அழுகிய மண்ணை வெட்டி எடுத்து, சிமெண்ட் பூசி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் வேடிக்கை பார்க்கவில்லை, படுத்துக் கிடந்தாள்.

அதன் பிறகு வீட்டுச் சட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம். அவள் வந்து படுக்கும்போது அவன் கண்ணைத் திறக்காமலே, "பெஞ்சுது," என்பான். இல்லையென்றால் "பெய்யல". அவ்வளவுதான். அடுத்த நொடி குறட்டை. "பெஞ்சுது" என்ற நாட்களில் அவள் குழாய் பக்கமே போகவில்லை. பழகிய கை சும்மா இருக்கத் தவித்தது.

ஒருநாள் வேலைக்குக் கிளம்புமுன், பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்ல முடியாத அந்தச் சுவரோரத் துண்டில் அவள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். காலுக்கடியில் தண்ணீர் பிதுங்கவில்லை. தையல்கார அம்மா கேட்டில் வந்து தொங்கினாள்.

"கரண்ட் அக்கா, நேத்து மறுபடியும் போயிடுச்சு."

"நம்பருக்கு போன் பண்ணிச் சொல்லுங்கம்மா."

"பண்ணா யாரு எடுப்பா?"

"நானா இருந்தாலும் இருக்கும்."

"அப்ப இங்கயே சொல்லிடறேனே. நீதான் எதுக்க நிக்கறியே?"

"இங்க நிக்கும்போது நான் எடுக்கறதில்லம்மா."

அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரிய உத்தியோகம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. கரண்ட் அக்கா கால் விரல்களைப் புல்லில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.