கட்டில் மேல் கத்தரிச்செடி

முட்டியை மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் உடனே இடுப்புயரத்துக்கு ஒரு ஸ்டாண்டும் நாலு தொட்டியும் வரவழைத்துவிட்டாள். குனியாமலே செடி வளர்க்கலாமாம். “இதெல்லாம் புதுசும்மா” என்கிறாள். இப்போதெல்லாம் மறுத்துப் பேசவும் அலுப்பாக இருக்கிறது. ஆனால் தொட்டியில் தண்ணீர் விட்டதும் எழுந்த ஈரமண் வாசனை என்னைப் பாளையங்கோட்டை வீட்டின் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் ஓட்டிப்போன லாரி கவிழ்ந்து, அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒரு வருஷம் இரும்புக் கட்டிலே கதியென்று கிடந்தான். சக்கர நாற்காலி வந்த அன்றே, “இந்தச் சனியன என் கண்ணுல காட்டாத” என்று கட்டிலைக் கொல்லையில் போடச் சொன்னான். பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்தது. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி, நாற்காலி உள்ளே நுழைகிற உயரத்துக்குத் தூக்கிவைக்கச் சொன்னான். மேலே எண்ணெய் டின், பெயிண்ட் வாளி, வாய் உடைந்த குடம். எல்லாவற்றிலும் ஆற்று வண்டலை நிரப்பி வெள்ளைக் கத்தரி போட்டான். அவன் கைராசிக்காரன். தெருவில் யார் வீட்டில் முருங்கைக் கொம்பு ஊன்றினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“பின்வரிசகூட எனக்கு எட்டுது. தண்ணி நாந்தான் ஊத்துவேன். நீ கை வைக்காத, என்னட்டி?” என்றான். அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது டைப்பிஸ்ட் வேலை. விடியுமுன் எழுந்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, சமைத்து, பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்திலும் அவன் எழும்புவதற்குள் செடிகளுக்கு இரண்டு வாளி ஊற்றிவிடுவேன். அவனுக்கு எட்டாமல் போய்விடுமோ என்று பயம். பெரிய உபகாரி என்ற நினைப்பு வேறு. எட்டு மணிக்குள் வெயிலில் மேல்மண் காய்ந்துவிடும்; அவன் வந்து தன் பங்குக்கு ஊற்றுவான். மண் எவ்வளவுதான் குடிக்கும்? பூ வைத்த சமயத்தில் ஒவ்வொன்றாக மஞ்சளித்துச் சாய்ந்தன.

ஒரு செடியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தான். “வேரு அழுகிட்டு. எங் கைராசியும் லாரியோட போயிட்டு போல” என்றான்.

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், உன்னால் முடியும் என்று நான் நம்பவில்லை என்றல்லவா ஆகிவிடும்? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவன் டின்களையும் கட்டிலையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பந்தக்கால் நட, கூடப்பிறந்தவன் கைதான் முதலில் பட வேண்டும் என்று எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

“மாமா நடட்டும். எங் கை வேண்டாம். அவ நல்லா இருக்கணும்லா” என்றான்.

எழுந்து நிற்க முடியாத வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும், மஞ்சள் பூசின முகத்தோடு சும்மா நின்றேன். எத்தனை பெரிய பாவி நான்.

அந்த வீடு கைமாறி, இடிபட்டு, கடை வரிசையாகிவிட்டது. அண்ணனும் போய்விட்டான். கடைசி வரை ஒரு விதைகூட அவன் ஊன்றவில்லை. தண்ணீர் ஊற்றினது நான்தான் என்று சொல்ல எனக்கு இருபது வருஷம் இருந்தது.