இன்றைக்கு யார் முறை?

கோத்தகிரி கடைவீதியில் "ஒரு றாத்தல் பாண் தாங்க" என்று கேட்டால், கடைக்காரர் எதிர்ப்பக்கம் கைகாட்டுகிறார். அங்கே போனால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்துத் தருகிறார்கள். இலங்கையில் பாண் என்றால் ரொட்டி; வந்த புதிதில், காலைச் சாப்பாட்டுக்கு அதைத் தேடிப் போன நான் வெற்றிலையோடு வீடு திரும்பினேன். என் பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்காவுக்கு மட்டும் அதில் பெரிய சந்தோஷம். "தாய்நாடுன்னா இதுதான் மீனாச்சி, கேக்காமலே வெத்தலை குடுக்குது" என்று வாயில் போட்டுக்கொண்டாள்.

அரசாங்கம் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்பி வருவதென்றால் முன்பு ஒருமுறை இங்கிருந்து போயிருக்க வேண்டாமா? நான் பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். என் அம்மாவும் அங்கேதான் பிறந்தாள். கொழும்பும் டில்லியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு எங்களைத் தலைக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்ட பிறகுதான், தலைமன்னாரில் கப்பலேறி முதல் தடவையாக நான் இந்தியாவைப் பார்த்தேன். ஆகவே நான் திரும்பியவள் அல்ல, வந்தவள். இதை அதிகாரிகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அதற்காக நான் சொல்லாமல் இருப்பதில்லை.

இந்த மலையில் எங்களுக்கு வீடு தந்தார்கள், தேயிலைக் காட்டில் வேலை தந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. தாய்மார் விடியற்காலையில் மலைக்குப் போய்விட்டால் சின்னதுகள் சேற்றில் கிடந்தன. பள்ளிக்கூடம் இரண்டு ஓடைகளுக்கு அப்பால் இருந்ததால் பெரியதுகளும் போகவில்லை. ஒருநாள் காத்தாயி அக்கா கைக்குழந்தைகளை ஒரு காலி வீட்டில் சேர்த்துவைத்துக்கொண்டாள். பெரிய பிள்ளைகளை நான் பள்ளிக்கூடம் கூட்டிப் போனேன். மறுநாள் வேறு இருவர் முறை. சில வாரங்களில் ஒரு அதிகாரி வந்து நின்றார்.

"யாரும்மா உங்களை வேலைக்கு வச்சது?"

"யாரும் வைக்கல சார். நாங்க சிரமதானமா செய்றோம்."

"தானமா? நன்கொடை கேட்டு இங்க யாரும் வரக்கூடாது. அதுக்கெல்லாம் நிதி கிடையாது."

"கேக்கல சார், குடுக்கிறோம்."

அவருக்கு விளங்கவில்லை. சிரமதானம் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சம்பளம் இல்லாமல், பத்துப் பேர் சேர்ந்து உடம்பால் கொடுக்கும் தானம். ரோடு வெட்டுவார்கள், கிணறு இறைப்பார்கள். இங்கே அந்தச் சொல் பிச்சை என்று காதில் விழுகிறது. "மேலிடத்து உத்தரவு வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். காத்தாயி அக்கா இடுப்புக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "உத்தரவு வந்து நம்மளத் தேடட்டும். நாம வேலையப் பாப்போம்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது முதல் தடவை அல்ல. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆன காலத்தில், எங்கள் தோட்டத்துப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க மாத்தளை டவுனுக்குத்தான் போக வேண்டும். கொக்கோ மரங்களுக்கு நடுவே ஆளரவமற்ற ஒற்றையடிப் பாதை. ஆண் பிள்ளைகளில் ஓரிருவர் போனார்கள். பெண் பிள்ளைகள் ஐந்து முடித்ததும் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார்கள். என் மகள் வள்ளி ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, என் புருஷன் அவளுக்குச் சின்னக் கூடை ஒன்று வாங்கி வந்தார். அவர் கெட்டவர் அல்ல. அதைவிட நல்லதாக வேறென்ன வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது நான் அழுதேன். அங்கே காத்தாயி அக்காவும் இருந்தாள். பிள்ளையில்லாதவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தாள். "பாதைதானே பயம்? நாங்க கூட நடக்கிறோம்" என்றாள். அந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது. வள்ளியோடு இன்னும் நாலு பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். தினம் ஒருத்தி அவர்களோடு டவுனுக்கு இறங்குவாள், பள்ளிக்கூடம் விடும்வரை காத்திருந்து கூட்டி வருவாள். தோட்டத்தில் அன்றைய வேலைக்கு 'பேர்' விழுந்தால்தான் சம்பளம். அதனால் மலையில் நிற்கும் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொழுந்தை அவள் கூடையில் போட்டு நிரப்புவார்கள். இது களவு என்று யாராவது சொன்னால், அந்தக் கொழுந்து எங்கள் விரல் பறித்தது என்று இப்போதும் சொல்வேன்.

டவுனில் காத்திருக்க எங்களுக்கு இடம் கிடையாது. ஒருநாள் மழையில், மிளகு, ஏலம் விற்கும் கடையின் தாழ்வாரத்தில் ஒண்டி நின்றேன். பின்கட்டிலிருந்து அந்தக் கடைக்காரரின் மனைவி சுபைதா உம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், நனஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? உள்ளுக்கு வாங்க."

"இல்லம்மா, நாங்க தோட்டத்து ஆளுங்க."

"தோட்டத்து ஆளுக்கு மழை நனைக்காதா? வாங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டு முன்னறை எங்களுக்குத் திறந்திருந்தது. பிள்ளைகள் பகலில் வந்து சாப்பிட்டார்கள், ஈரச் சட்டையை மாற்றினார்கள். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்தாம் வகுப்புத் தமிழை வைத்துக்கொண்டு நான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். நான் இன்றைக்கு இந்தக் கட்டுரை எழுதுகிறேன் என்றால், அது என் முறை வந்த நாட்களில் உம்மாவுக்கு வாசித்து வாசித்து வந்த பழக்கம்.

கணக்கப்பிள்ளை ஐயா ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். "ஆளைக் காணோம், கூடை மட்டும் நிறையுதா?" என்று முறைக்காரிக்குப் பேர் போட மறுத்தார். சரி என்று ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து அன்றைக்கு நடந்தவளுக்குக் கொடுத்தோம். நடை நிற்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தேயிலை ஆலையை ஒட்டிப் போகும் தோட்டத்து ரோட்டில் குறுக்கே சங்கிலி கட்டிக் காவலாளியை நிறுத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் போகலாமாம். அந்த ரோட்டை விட்டால் பிள்ளைகள் மலையைச் சுற்றி வரவேண்டும். போய்ச் சேரும்போது பாதிப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், ஒரு பெண்கூட இல்லை. நாங்கள் எல்லோரும் சங்கிலிக்கு முன்னால் நின்றோம். பிள்ளை பெற்றவர்கள், பெறாதவர்கள், ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்றவர்கள், எல்லோரும். நடுவில் ஐந்து வெள்ளைச் சட்டைகள்.

கணக்கப்பிள்ளை காத்தாயி அக்காவைப் பார்த்துத்தான் கத்தினார். "உனக்கு என்னடி இங்க வேலை? பெத்தவளுக வந்தாலும் நியாயம். நீ யாருக்காக வந்து நிக்கிற?"

"பெத்தாத்தான் புள்ளையா ஐயா? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாலும் புள்ளதான்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு பிள்ளையைத் தூக்கிச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். நான் வள்ளியைத் தூக்கினேன். காவலாளி எங்கள் லயத்துக்காரர்தான். அவர் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்.

பின்னேரம் தோட்டத்தை நடத்தும் துரை வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். "என்ன இது, வேலைக்கி வர்றது இல்லையா?"

"வருவோம் துரை" என்றேன். என் குரல் எங்கிருந்து வந்ததோ. "சங்கிலிய எடுத்தா நாளைக்கே வருவோம். எடுக்காட்டி, புள்ளைகளோட தினமும் இப்படித்தான் எல்லாரும் நடப்போம்."

துரை எங்களைப் பார்க்கவில்லை. மலையில் முற்றிக்கொண்டிருந்த கொழுந்தைப் பார்த்தார். மறுநாள் சங்கிலி இல்லை. அவர் மனம் இளகியதாக நான் எழுதமாட்டேன். கணக்கப்பிள்ளையும் மறக்கவில்லை: அடுத்த மழைக்கு எங்கள் குடும்பத்தை, கூரை ஒழுகும் கடைசிக் காம்பராவுக்கு மாற்றினார். லயத்து ஆண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து வந்து தகரம் அடித்தார்கள். என் புருஷன் அன்றைக்குத்தான் அந்தச் சின்னக் கூடையை எடுத்துக் கோழி அடைக்கக் கொடுத்தார்.

ஐந்து பேரில் இருவர் பாதியில் நின்றுவிட்டார்கள். ஒருத்தி டவுனில் தையல் கடை வைத்தாள், ஒருத்தி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வள்ளி, தான் ஐந்தாம் வகுப்பு முடித்த அதே தோட்டத்துப் பாடசாலையில் டீச்சரானாள். இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த ஒரு பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் இந்தியா என்று வந்தது. காத்தாயி அக்காவுக்கும் அப்படியே. கண்டி ரயிலடியில் வள்ளி அழுதுகொண்டே, "போகாதீங்கம்மா" என்றாள். இந்தத் தடவை குறுக்கே இருந்தது, தூக்கித் தாண்டுகிற மாதிரிச் சங்கிலி இல்லை.

எங்களைப் பாவப்பட்ட சனம் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். இரண்டு அரசாங்கங்களும் கைவிட்ட இடத்தில் ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி தூக்கி நின்றோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த அதிகாரியின் உத்தரவு இன்னும் வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

போன மாதம் இந்த ஊர்க்காரி ஒருத்தி, ராஜி, தன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் காலனிக்கு வந்தாள். முதலில் எங்களோடு பேசவே தயங்கியவள். "இவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போவீங்களா? வியாழக்கிழமை நான் நடக்கிறேன்" என்றாள். நேற்று அவளும் நானும் ஓடையைக் கடந்தோம். தண்ணீர் சற்று இழுத்தது. அவளுடைய பேரன் என் விரலை இறுகப் பிடித்திருந்தான்.

"உங்களுக்குப் பேரப்பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

"பேத்தி இருக்கா. கடலுக்கு அந்தப் பக்கம். நான் இன்னும் பார்த்ததில்ல. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்த்திருக்காங்க."

"அய்யோ. அவள யாரு கூட்டிட்டுப் போறா?"

நான் யோசிக்கவே இல்லை. "தெரியல" என்றேன். "இன்னைக்கு யார் முறையோ, அவ."