சுரண்டிய மத்தளம்

அறுபதுகளின் நடுவில் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஒலி பற்றிய பாடத்தை நான் நடத்துவதைப் பள்ளி ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்தே என் வேலை நிரந்தரமாகும். பதினோரு நாள் எனக்குச் சரியான தூக்கமில்லை.

பாடப் புத்தகத்தில் இருந்தது ஓர் இசைக்கவையின் படம் மட்டும். இவ்வூர்க்காரர்கள் கடல் கடந்து கொண்டுவந்த வாத்தியங்களைத் தட்டிக் காட்டினால் என்ன என்று தோன்றியது. கண்டனூரில் ஓர் ஆச்சி இருந்தார்; அந்தப் பக்கத்தில் நகரத்தார் வீட்டுப் பெண்களை வயது பாராமல் ஆச்சி என்பார்கள். என்னைவிட நான்கு வயதே மூத்தவர், ரங்கூனில் வளர்ந்தவர். அவர் வீட்டில் மூன்று வாத்தியங்கள் கிடைத்தன: பர்மா மத்தளம், மலாய்க்காரர்களின் ஒருமுகப் பறையான ரெபானா, ஜாவாவிலிருந்து வந்த வெண்கலச் சேகண்டி. மத்தளத் தோலின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. தட்டினேன், வயிற்றுக்குள் அதிர்ந்தது. தாழ்ந்த ஒலிக்கு இது என்று குறித்துக்கொண்டேன்.

ஆய்வாளர் வருவதற்கு முதல் நாள் அவற்றை எடுத்துவரப் போனேன். புளி போட்டுத் தேய்த்த சேகண்டியில், விளிம்பில் வெட்டியிருந்த குடும்ப இனிஷியல்கூடப் பளபளத்தது. மத்தளத்தைத் தட்டினேன். தகர டப்பாவாகக் கத்தியது.

“நடுவுல அப்பியிருந்ததே, எங்க ஆச்சி?”

“அதுவா? சிரட்டையை வச்சுச் சுரண்டி எடுத்தேன். அரை நாள் ஆச்சு. எங்க வீட்டுச் சாமான் அழுக்கோட வெளியே போனா ஊரு என்ன சொல்லும்?”

“அழுக்கா? சத்தமே அதுலதான் இருந்துச்சு. என் வேலையையில்ல சுரண்டிட்டீக!”

கத்தியே விட்டேன். ஆச்சி கோபப்படவில்லை, யோசித்தார்.

“ரங்கூன்ல மத்தளக்காரரு வாழையிலையில சோத்து உருண்டை கொண்டாருவாரு. திங்கத்தான்னு நெனச்சிருந்தேன். அதுல சாம்பலைப் போட்டுல்ல பிசைஞ்சாரு! மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீக சார், சோறும் சாம்பலும் இல்லாத வீடா இது?”

அடுப்படிக்குப் போய்ப் பிசைந்து எடுத்துவந்தார். நெல்லிக்காய் அளவு அப்பித் தட்டினோம். ஒலி சற்று இறங்கியது. இன்னும் அப்ப அப்ப, இன்னும் இறங்கியது. ஏழாவது அப்பில் பழைய ஒலி வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. ஆச்சியோ எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டார்.

“ஐயோ, என்ன செய்றீக?”

“ஒட்டியே கொண்டு போனா பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? இங்க பாத்ததை அங்கயும் காட்டுங்க.” மீதிச் சோற்று உருண்டையை இலையில் கட்டித் தந்தார்.

மறுநாள் வெறுந்தோலைத் தட்டிப் பாடத்தைத் தொடங்கினேன். பிறகு ஒவ்வோர் அப்பாக வைத்தேன். “இறங்குது சார், இறங்குது!” என்று நாற்பத்து மூன்று பேரும் கத்தினார்கள். ஏன் இறங்குகிறது என்று ஆய்வாளர் ஒரு சிறுமியைக் கேட்டார்.

“தோலுக்குக் கனம் கூடுது சார். மெதுவா ஆடுது.”

ஆய்வாளர் எழுந்து வந்து தன் கையால் ஏழாவது அப்பை வைத்துத் தட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது.

மத்தளத்தை அப்பியபடியே திருப்பிக் கொடுத்தேன். “சுத்தமாக் குடுத்தா அழுக்காக் கொண்டாந்திருக்கீகளே!” என்றார் ஆச்சி.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தினேன். பன்னிரண்டு முறையும் மத்தளம் சுரண்டித்தான் வந்தது. கூடவே இலையில் கட்டிய சோற்று உருண்டையும் வந்தது.