சுவரில் ஐந்தாவது பெயர்

எங்கள் தெருவுக்குக் கூடைப்பந்து அணி இரண்டு. ஒன்று பழைய அணி, இன்னொன்று புதிய அணி. இரண்டும் ஒருநாளும் மோதியதில்லை. மோதவும் முடியாது. பழைய அணியில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவனுக்குச் சர்க்கரையில் கால் விரல் போய்விட்டது. புதிய அணியில் பாதிப் பேர் குவைத்தில் இருக்கிறார்கள். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ஆட்டம் தொடங்கிவிடும். மைதானத்துக்கு எதிரே டீக்கடையில். வாயால்.

இந்த வியாதியைக் கொண்டுவந்தவன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். வயது முப்பத்தைந்து இருக்கும். புதிய அணியில் ஆடியவன். காலையில் போனில் அமெரிக்காக்காரன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். அந்தப் போனிலேயே செத்தவன், இருக்கிறவன், கிழவன், குமரன் எல்லோரையும் கலந்து ஐந்து பேர் அணி ஒன்று கட்டுவான். எல்லாக் காலத்துக்கும் சேர்த்து ஒரே அணியாம். வேறு எங்கேயோ இருக்கிற ஒருவன் இன்னொரு அணி கட்டுவான். இரண்டும் மோதினால் எது ஜெயிக்கும் என்று இருவரும் சண்டை போடுவார்கள்.

அதைக் கேட்டுத்தான் என் கூட்டாளி நெட்டையன் கிளம்பினான்.

"அமெரிக்காக்காரனக் கட்டிக்கிட்டு ஏம்லே அழுத? நம்ம தெருவுல இல்லாத ஆளா?" என்றான்.

நெட்டையன் ஆறடி மூன்று இஞ்சு. ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்தவன். இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. பழைய அணியில் வளையத்தடியில் நிற்கிற நடு ஆள் அவன்தான். நானும் அந்த அணியில் இருந்தேன். மாற்று ஆளாகப் பெஞ்சில் இருந்தேன். தொழில் வெல்டிங். பேச்சு அவ்வளவாக வராது.

டீக்கடை அண்ணாச்சி உடன்குடிக்காரர். வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. அதனால் அவரையே நடுவராக வைத்துக்கொண்டோம்.

முதலில் விதி போட்டார்கள். செத்தவனும் ஆடலாம். எல்லோருக்கும் வயது இருபத்து நாலு.

"செத்தவனுக்கு இருபத்து நாலு வயசக் குடுத்தா அவன் திரும்பிப் போவ மாட்டானே வே" என்றார் அண்ணாச்சி.

"ஆட்டம் முடிஞ்சதும் விசில் அடிச்சு அனுப்பிருவோம் அண்ணாச்சி" என்றான் கிரேன்காரன்.

அடுத்து மாதத்துக்குச் சண்டை. எங்கள் மைதானம் கடலை ஒட்டியது. ஆடிக் காற்றில் எறிந்த பந்து கடல் பக்கம் போகும். பழைய அணி காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கை தள்ளி எறியப் பழகிய அணி. அதனால் ஆட்டம் ஆடி மாதம்தான் என்றான் நெட்டையன்.

"மார்கழியில வைங்க மாமா. ஏன் காத்துக்குப் பின்னால ஒளியுதிய?" என்றான் கிரேன்காரன்.

"நான் ஒளியுதேனா? காத்துல ஆடத் தெரியாதவன் என்னலே ஆட்டக்காரன்? ஒன் அமெரிக்காக்காரன இங்கன வரச்சொல்லு. ஆடி மாசம், மத்தியானம், வெறுங்காலு. பத்து நிமிசம் நின்னுட்டான்னா நான் மீசைய எடுத்துருதேன்."

"ஒமக்கு மீசையே கெடையாதே" என்றார் அண்ணாச்சி. பிறகு தீர்ப்புச் சொன்னார். முதல் பாதி ஆடி. இரண்டாம் பாதி மார்கழி.

இப்படியே ஒரு வருஷம் போனது. பழைய அணி நூறு தடவை ஜெயித்தது. நூறு தடவை தோற்றது. யாருக்கும் நட்டமில்லை.

பிறகு சுவர் வந்தது.

மைதானத்துச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். எல்லாக் காலத்துக்கும் சேர்த்துத் தெருவின் சிறந்த ஐந்து பேர் பெயரை அதில் எழுதுவது என்று முடிவானது. சனிக்கிழமை பெயிண்டர் வருவார். நாலு பெயர் அரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் இரண்டு பேர் செத்தவர்கள். அவர்களோடு யாரும் போட்டி போடவில்லை. மீதி ஒரு இடம். நடு ஆள். நெட்டையனா, குவைத்தில் இருக்கும் புதிய அணிக்காரனா?

நெட்டையன் எனக்குத்தான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் தினமும் சவரம் செய்துகொண்டு டீக்கடைக்கு வந்தான். அவன் பெயரை அதுவரை எழுதியிருந்த இடம் ரேஷன் கார்டும் ஐஸ் பிளாண்ட் வருகைப் பதிவேடும்தான்.

அவனுக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு குதி. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஆறுமுகநேரி அணியோடு ஆட்டம். கடைசி நிமிஷத்தில் குதித்து, வளையத்தை ஒரு கையால் பிடித்துத் தொங்கினான். அதுவரை எங்கள் தெருவில் யாரும் வளையத்தைத் தொட்டதில்லை. அதற்குப் பிறகு தொட்டவன் குவைத்துக்காரன் ஒருவன்தான்.

வியாழக்கிழமை கிரேன்காரன் கேட்டான்.

"மாமா, கோவிச்சுக்காதிய. குவைத் அண்ணன் தொட்டது ரூல்படி கம்பெனியில செஞ்சு வந்த வளையம். பத்து அடி. அதுல சந்தேகம் இல்ல. நீங்க தொட்டது பழைய கம்பம். அது பத்து அடின்னு யாரு பாத்தா?"

நான் டீ கிளாசைக் கீழே வைத்தேன்.

பழைய கம்பம் இரண்டும் நான் செய்தது. அதில் ஒன்று இன்னும் மைதானத்தின் கடல் பக்கம் நிற்கிறது. வலை காயப்போடுகிறார்கள். பத்து வருஷம் முன்னால் புதிய கம்பம் வந்து இறங்கிய அன்றே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழையது குட்டை. கண்ணுக்கே தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"நெடுங்காலமா நிக்குது. பத்து அடி இல்லாமலா நிக்கும்?" என்றான் நெட்டையன்.

"அளந்துட்டாப் போச்சு. வெல்டர் மாமா, பையில டேப் இருக்கும்லா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கிரேன்காரன் ஸ்டூல் போட்டு ஏறினான். டேப்பின் கீழ் நுனியை நான் பிடித்தேன். அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு வந்து எண்ணைப் படித்தார்.

"ஒம்பது அடி நாலு இஞ்சு."

மறுபடி அளந்தார்கள். ஒன்பது அடி நாலு இஞ்சு. எட்டு இஞ்சு குறைவு.

"எந்தக் கூறுகெட்டவன்லே அளந்தான்?" என்று நெட்டையன் கத்தினான்.

"நான்தான்" என்றேன்.

சொல்ல வேண்டியதாகிவிட்டது. கம்பம் நட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஆட்டம். டேப் பட்டறைக்குள் மாட்டிக்கொண்டது, சாவி முதலாளியிடம். பக்கத்தில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் கயிறோடு உட்கார்ந்திருந்தார். கடலில் ஆழம் பார்க்கிறவர்களுக்குப் பாகம்தான் கணக்கு. கயிற்றைப் பிடித்து இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஒரு பாகம் ஆறு அடி. "பத்து அடிதான? ஒரு பாகம், அதுக்கு மேல பாகத்துல மூணுல ரெண்டு. கைய விரிலே" என்றார். விரித்தேன். அவர் விரித்திருந்தால் ஆறு அடி வந்திருக்கும். அவர் கை அப்படி. நான் கட்டை. என் கை ஐந்தரை அடிக்கு ஒரு இஞ்சுதான் கூட.

அண்ணாச்சி என்னைக் கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

கிரேன்காரன் தலையில் கை வைத்தான். "அதான் வெளியூர்க்காரன் இங்கன வந்து போட்ட பந்தெல்லாம் வளையத்தத் தாண்டித் தாண்டிப் போச்சா!"

"நம்ம ஸ்ரீவைகுண்டம் போனா பந்து ஏறவே ஏறாதே. ஆத்துத் தண்ணி ஒத்துக்கலன்னுல்லா சொன்னிய" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையன் சிரிக்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வளையத்தையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிரேன்காரனுக்கும் சங்கடம். "எட்டு இஞ்சுல்லா மாமா. என்ன செய்ய?" என்றான் மெதுவாக.

அண்ணாச்சிதான் கேட்டார். "இருங்கவே. அன்னைக்கு இவரு கை வளையத்துல எங்க பட்டுச்சு? விரல் நுனியா, மணிக்கட்டா?"

எல்லோரும் முழித்தோம். அவர் விளக்கினார். விரல் நுனி பட்டிருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது. மணிக்கட்டு வரை வளையத்துக்கு மேலே போயிருந்தால் விரலோடு உள்ளங்கை நீளம் முழுக்க அந்த எட்டு இஞ்சுக்கு ஈடாகக் கணக்கில் சேரும். நெட்டையன் கையை டீக்கடை மேஜையில் வைத்து அளந்தார்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை எட்டேகால் இஞ்சு.

"கால் இஞ்சு மிச்சம்!" என்றார் அண்ணாச்சி. தன் கையே நீண்டுவிட்ட மாதிரி சொன்னார்.

"மணிக்கட்டுன்னு யாரு பாத்தா?" என்றான் கிரேன்காரன்.

அன்று ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது தெருவில் இல்லை. மீதிப் பேர் அப்போது எதிர்க் கோடியில் நின்றவர்கள். பெஞ்சை விட்டு எழுந்து வந்து கம்பத்தடியில் நின்றவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நெட்டையன் மட்டும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளாசில் டீ இல்லை.

உண்மை இதுதான். நான் அவன் கையைப் பார்க்கவில்லை. ஆறடி மூன்று இஞ்சு ஆள் நான் பற்றவைத்த வளையத்தில் தொங்குகிறான். எந்த வெல்டரும் பற்றவைத்த இடத்தைத்தான் பார்ப்பான். விட்டுவிடுமா, நிற்குமா என்று அதை மட்டுமே பார்த்தேன். நின்றது.

"மணிக்கட்டு" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா மாமா?"

"ம்."

அதிகம் பேசாதவனுக்கு ஒரு வசதி உண்டு. பேசினால் நம்பிவிடுவார்கள். கிரேன்காரன் பெயிண்டருக்கான சீட்டை எடுத்தான். ஐந்தாவதாக நெட்டையன் பெயரை எழுதினான். "குவைத் அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். கால் இஞ்சுல தோத்துட்டிய அண்ணன்னு சொல்லுதேன்" என்றான். அண்ணாச்சி எல்லோருக்கும் இன்னொரு டீ போட்டார்.

நானும் நெட்டையனும் சேர்ந்துதான் வீட்டுக்கு நடப்போம். முட்டிக்காக மெதுவாக நடப்பான். தெரு முனை வந்தது. பிறகு கேட்டான்.

"ஏலே. நெசமாவே மணிக்கட்டா?"

"ஒங் கைதான. நீ சொல்லு."

"எனக்கு எப்பிடிலே தெரியும்? நான் கண்ண மூடிட்டுல்லா குதிச்சேன்."

நான் நின்றுவிட்டேன். இனி மறைத்து என்ன?

"நான் வெல்டிங்கப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றேன்.

நெட்டையனும் நின்றான். "அப்ப யாருமே பாக்கலியா?"

"பாக்கல."

கைலியை மடித்துக் கட்டினான். நாலு எட்டு நடந்தான். திரும்பிப் பார்த்தான்.

"பெயிண்டரு சனிக்கெழம எத்தன மணிக்கு வாரான்?"

"பத்து மணிக்கு."

"வெரசா வரச்சொல்லுலே" என்றான்.