ஏசியை நிறுத்தச் சொன்ன டான்ஸ் மேடம்

ஆகஸ்ட் மாதத்துக் குவைத்தில், ஃபஹாஹீலில் கம்பளி போட்டுக்கொண்டு திரிந்த ஒரே ஆள் எங்கள் டான்ஸ் மேடம்தான். கணுக்காலிலிருந்து தொடைவரை சாம்பல் நிறக் கம்பளி உறை. வெளியே தார் உருகுகிறது. உள்ளே வந்ததும் என்னிடம் அரைகுறை இந்தியில் சொன்ன முதல் வார்த்தை, "பாய், ஏசி பந்த்."

எண்பதுகளில் அங்கே ஒரு கிளப்பில் நான் ஏசி மெக்கானிக். மேடம் ஐரோப்பாவில் பெரிய மேடைகளில் பாலே ஆடியவராம். பிறகு மற்றவர்களுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுத்தாராம். எஞ்சினியர் கணவரோடு இங்கே வந்து, சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குளிர்ந்த உடம்பை வளைத்தால் சதை கிழியும் என்பார். அவர் நிறுத்தச் சொல்வார், பிள்ளைகளின் அம்மாமார் போடச் சொல்வார்கள். இரண்டுக்கும் ஓடுவது நான். இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தினால் கம்ப்ரசர் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். "உந்த மனுசி என்னை விசராக்கிப்போட்டுத்தான் விடுவா, தம்பி" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆண்டு விழாவில் மேடமே ஆடுவதாக இருந்தது. வயது அறுபது இருக்கும். எங்களுக்கெல்லாம் விசா கொடுத்த கஃபீல் வருகிறார் என்று, ஏசியை முழுசாக வைக்கச் சொன்னார் மேனேஜர். "அவருக்கு வேர்த்தா உனக்கு ஊருக்கு டிக்கெட்தான். விளங்குதோ?"

வைத்தேன். ஊரில் வீடு அஸ்திவாரத்தோடு நின்றது.

திரைக்குப் பின்னால் மேடம் தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். கேட்காமல் நின்றதில் வந்த எரிச்சல் தாங்காமல் போய் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கஃபீலுக்கு வேர்த்தது. எல்லாருக்கும் வேர்த்தது. மேடம் ஆடினார். அந்தக் கால் தலைக்கு மேலே போய் நின்றதைப் பார்த்தேன். ஒன்றும் கிழியவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னடா செய்தனி?"

"ஃப்யூஸ் போச்சுண்ணே."

துருத்திக்கொண்டிருந்த என் பையைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். "சரி, ஆறுதலா மாத்து, அவசரமில்லை" என்றார்.

ஆடி முடித்து வேர்வை சொட்ட வந்த மேடம் என்னிடம், "பாய், தர்வாஜா!" என்று பின்கதவைக் காட்டினார். காற்று வருகிறதாம். ஒரு நன்றி இல்லை. போய்ச் சாத்தினேன்.

இப்போது நாகர்கோவிலில் ஏசி கடை வைத்திருக்கிறேன். மாட்டப்போன வீட்டில் யாராவது கையைக் காலை நீட்டி உடற்பயிற்சி செய்தால், முதலில் ஏசியை நிறுத்துங்கள் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. விற்கிறவனே இப்படிச் சொன்னால் வியாபாரம் எப்படி நடக்கும்?